கூட்டம் கலைந்த மறுநாள்

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்குப் போன இந்தியாவின் முதல் பயணிகள் ரயில், குர்லாவைத் தாண்டி இன்றைய காட்கோபர் வழியாகத்தான் போனது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே பாதையின் ஓரமெல்லாம் குடிசைகள். சில இடங்களில் வாசற்படியிலிருந்து கையை நீட்டினால் வண்டியைத் தொட்டுவிடலாம் என்ற நெருக்கம். தண்டவாளம்தான் முற்றம், துணி காயப்போடும் இடம், பிள்ளைகள் விளையாடும் இடம். அடிபட்டுச் செத்தவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், ஓட்டுநர்கள் அந்த இடங்களில் வண்டியை ஊர்ந்தபடிதான் நகர்த்த முடிந்தது. அதனால் நகரமே வேலைக்குத் தாமதமாகப் போனது. குர்லாவுக்கும் தாணேவுக்கும் இடையில் ஐந்தாவது, ஆறாவது தடம் போட வேண்டிய கட்டாயம் வந்தபோது, 1990களின் கடைசியில், ஏறத்தாழ 900 குடும்பங்கள் தங்கள் குடிசைகளைத் தாங்களே பிரித்துக்கொண்டு காஞ்சூர்மார்கில் கட்டியிருந்த தற்காலிக வீடுகளுக்குப் போயின. தடியடி இல்லை, புல்டோசர் இல்லை. இடிப்புக்குப் பேர்போன பம்பாயில் இது எப்படி நடந்தது என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில், மக்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள் என்பது. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இந்த நகரத்தில் குடிசை மக்களைக் கூப்பிட்டுப் பேசாதவர் யார்? கட்சிக்காரர் பேசினார், வார்டு அதிகாரி பேசினார், கட்டடக்காரர் பேசினார். பேசிவிட்டுப் போனவர்களில் மறுநாள் காலை திரும்பி வந்து அதே வாசலில் நின்றவர் யார் என்று கேட்டால்தான் இந்த வரலாறு பிடிபடும். பங்கேற்பு என்ற சொல்லின் உயிர் கூட்டத்துக்குள் இருப்பதாக நினைக்கிறோம். அது கூட்டம் கலைந்த பிறகு நடக்கும் வேலையில் இருக்கிறது என்பதே என் வாதம். மும்பைக் குடிசை மக்கள் அதை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு பெருந்தோல்வியைக் கொடுத்துத்தான் கற்றார்கள்.

பம்பாய்த் தமிழர்களுக்குச் சங்கம் என்பது புதிய சரக்கில்லை. மாட்டுங்காவில் குடியேறிய தென்னிந்தியர்கள் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கிப் பள்ளி நடத்தினார்கள். குமாஸ்தாவாகவும் கணக்கராகவும் சுருக்கெழுத்தாளராகவும் நாளெல்லாம் கோப்பு பார்த்தவர்கள் அவர்களில் ஏராளம். மாலையில் சங்கத்துக்கு வந்தால் அங்கேயும் கோப்பு, மினிட் புத்தகம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர். போன கூட்டத்தின் நடவடிக்கைகளை வாசித்து ஏற்ற பிறகே புதிய பேச்சு தொடங்கும். சடங்குபோலத் தெரியும் அந்த ஒரு வழக்கத்துக்குள் ஒரு பெரிய ஏற்பாடு ஒளிந்திருக்கிறது: சொன்னதைச் செய்தாயா என்று ஒவ்வொரு கூட்டமும் முந்தைய கூட்டத்தைக் கேட்கிறது. தாராவியில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் பதனிடும் வேலையில் சேர்ந்தவர்களுக்கும் ஆதிதிராவிட மகாஜன சங்கம், ஜமாத், ஊர்ச் சங்கம் என்று அமைப்புகள் இருந்தன. அவை கோயில் கட்டின, சாவுக்குப் பணம் திரட்டின, சண்டையைத் தீர்த்தன. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுந்த இடத்தில் மினிட் புத்தகம் செய்யும் வேலை வேறு. அங்கே புத்தகம் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதோ அவர் வீட்டில்தான் சங்கமும் இருக்கும். என்ன தீர்மானம் போட்டோம் என்பதை அவர் சொல்லித்தான் மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1966இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷம் தெருவுக்கு வந்தபோது, மாட்டுங்காவுக்கு மனு எழுதவும் வக்கீல் வைக்கவும் ஆள் இருந்தது. குடிசைப் பகுதிக்கு ஒரு தலைவரும் ஒரு கூட்டமும்தான் இருந்தன.

அந்தத் தலைவர்–கூட்டம் என்ற முறை எவ்வளவு தூரம் போகும், எங்கே முறிந்துவிடும் என்பதற்கு ஜனதா காலனியைவிடத் தெளிவான சான்று இல்லை. செம்பூரைத் தாண்டி டிராம்பே பக்கத்தில் வெற்று நிலமாகக் கிடந்த இடம் அது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை மாநகராட்சியே அங்கே கொண்டுபோய் விட்டது. மக்கள் மேடாக்கினார்கள், கட்டினார்கள், பிழைத்தார்கள். பக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலையம் வளர்ந்தது. 1967இல் அதற்கு பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் வந்தது. அதன் ஊழியர்களின் தேவைக்கு அந்த நிலம் வேண்டியிருந்தது. கோலார் தங்கவயலில் பிறந்து 1963இல் பம்பாய்க்கு வந்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழர் அங்கேதான் தச்சு வேலை பார்த்துக்கொண்டு இளைஞர்களையும் சிறுவர்களையும் திரட்டினார். குப்பை அள்ள மாநகராட்சி வராத நாளில், பிள்ளைகள் ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைக் கட்டிக்கொண்டு ஊர்வலமாகப் போய் மாநகராட்சி அலுவலகத்தில் போட்ட கதையை அவரே பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வெளியேற்ற நோட்டீஸ் வந்ததும் நீதிமன்றம், ஊர்வலம், மனு, டெல்லிப் பயணம், பாராளுமன்றத்தின் முன் போராட்டம் என்று பல ஆண்டு இழுத்துப் பிடித்தார்கள். எழுபதுகளின் நடுவில் அவர் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பையும் தொடங்கினார். கடைசியில் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதம், ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த ஜனதா காலனி தரைமட்டமானது. மக்கள் சீத்தா கேம்ப் என்ற சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விடப்பட்டார்கள்.

இந்தத் தோல்விக்கு நெருக்கடிநிலையையே முழுக் காரணமாகச் சொல்வது எளிது; அதில் பெரும்பங்கு உண்மையும் இருக்கிறது. போலீஸும் அரசும் ஒரே மனதாக இறங்கிவிட்டால் எந்த அமைப்பு தாங்கும்? ஆனாலும் நான் கவனிப்பது வேறொன்று. அந்தப் பத்தாண்டில் கூட்டங்களுக்குக் குறைவே இல்லை. ஆயிரக்கணக்கில் ஆள் வந்தது. கூட்டம் முடிந்த பின் வழக்கு என்ன ஆனது, டெல்லியில் என்ன சொன்னார்கள், யாரிடம் எந்தக் காகிதம் இருக்கிறது என்பதெல்லாம் ஒரு சிலர் தலையில் இருந்தன. அந்தச் சிலரைப் பிடித்தாலோ துரத்தினாலோ நூல் அறுந்துவிடும். அற்புதத்தைப் போலீஸ் பல தடவை கைது செய்தது. ஆள் இல்லாத நாட்களில் இயக்கம் அவர் திரும்பி வரக் காத்திருந்தது. அவரே பிற்காலத்தில் தன் பழைய போராட்ட முறையைப் பற்றி வெளிப்படையாகவே அதிருப்தியோடு பேசினார்: இடிப்பைத் தள்ளிப்போட முடிந்ததே தவிர வீடு வாங்கித் தர முடியவில்லை என்பது அவருடைய கணக்கு. ஒரு இயக்கத் தலைவர் தன் போராட்டக்காலத்தைப் பற்றி அப்படிச் சொல்வது அரிது. அந்த ஒப்புதலிலிருந்துதான் அடுத்த கட்டம் பிறந்தது.

அடுத்த கட்டம் தமிழர் பகுதியில் தொடங்கவில்லை, பைகுல்லா நடைபாதையில் தொடங்கியது. 1985 ஜூலை 10 அன்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், பிழைப்பும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதிதான் என்று சொன்னது. அதே மூச்சில், உரிய நோட்டீஸ் கொடுத்து நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் சொன்னது. மழைக்காலம் முடியும்வரைதான் அவகாசம். 1984இல் ஷீலா படேலும் தோழர்களும் தொடங்கியிருந்த ஸ்பார்க் என்ற சிறு அமைப்பு, மாநகராட்சி மருந்தகம் ஒன்றின் பழைய கார் கொட்டகையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. அகற்றப்படப் போகிறவர்கள் எத்தனை பேர், யார், எங்கிருந்து வந்தவர்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று அரசிடம் கணக்கே இல்லை. 1976 ஜனவரியில் அரசு நடத்திய குடிசைக் கணக்கெடுப்பில் நடைபாதைக்காரர்களில் பெரும்பாலோர் ஏறவில்லை. ஆகவே தாங்களே எண்ணினார்கள். ஏறத்தாழ ஆறாயிரம் குடும்பங்களின் விவரத்தோடு ‘கண்ணுக்குத் தெரியாத நாங்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் அறிக்கை வந்தது. கேள்வி கேட்டுக் கேட்டு வீடு வீடாகப் போன அந்தப் பழக்கம் கணக்கெடுப்போடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். 1986இல் நடைபாதைப் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் சேர்ந்து மஹிலா மிலன் ஆனது. ஜோக்கின் அற்புதத்தின் கூட்டமைப்பு, ஸ்பார்க், மஹிலா மிலன் மூன்றும் கைகோத்தன.

அந்தச் சேமிப்பு நடந்த விதத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பெண் தன் சந்தில் தினமும் வாசல் வாசலாகப் போவார். ஒரு ரூபாய் இருந்தால் ஒரு ரூபாய், இரண்டு இருந்தால் இரண்டு, இல்லாவிட்டால் இல்லை. வாங்குகிறவருக்கும் எழுதத் தெரியாது, கொடுக்கிறவருக்கும் படிக்கத் தெரியாது. அதனால் குடும்பத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பை. ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறத்தில் சின்னச் சதுரக் காகிதம். பணம் கொடுத்தால் அந்த நிறக் காகிதம் பைக்குள் விழும். பையைக் கவிழ்த்து நிறம் வாரியாகப் பிரித்து எண்ணினால் கணக்கு வந்துவிடும். யாரும் யாருக்கும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுங்கா சங்கத்தின் மினிட் புத்தகம் செய்த வேலையை நடைபாதையில் இந்தப் பை செய்தது. ஒரு விதத்தில் கூடுதலாகவும் செய்தது, ஏனென்றால் அது செயலாளர் வீட்டுப் பெட்டியில் இல்லை, அவரவர் வீட்டு ஆணியில் தொங்கியது. வாசலில் நின்ற அந்த இரண்டு நிமிடத்தில் ரூபாயோடு செய்தியும் கைமாறியது: யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு ரேஷன் கார்டு வரவில்லை, வார்டு ஆபீஸ்காரன் எந்தத் தெருவில் நோட்டம் பார்த்தான், நேற்றுக் கூட்டத்தில் பேசியது யாருக்குப் புரியவில்லை. கூட்டத்தில் எழுந்து பேசக் கூச்சப்பட்டவள் தன் வாசலில் பேசினாள். கூட்டத்தில் ஆமாம் என்று தலையாட்டியவள் தன் வாசலில், எனக்கு அது சரிப்படாது என்று சொன்னாள். அப்படிச் சொன்னது அடுத்த கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இது பெரிய அமைப்பையும் உள்ளிருந்து மாற்றிவிட்டது. ஆண்கள் தலைமை தாங்கி ஆண்கள் மேடையேறிய கூட்டமைப்பு, வீட்டுக்கணக்கு தெரிந்த பெண்களிடம் பாதிப் பொறுப்பைக் கொடுக்க வேண்டியதாயிற்று. மேலிருந்து யாரோ ஆணையிட்டு வந்த மாற்றமாக இது எனக்குத் தெரியவில்லை. தினசரித் தகவல் யாரிடம் இருக்கிறதோ அவரைக் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. தகவல் பெண்களிடம் இருந்தது. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களே அளந்து மாதிரி கட்டிப் பார்த்தார்கள்; 14 அடி உயர அறை, அதற்குள் ஒரு பரண், அப்போதுதான் சின்ன இடத்தில் இரண்டு தலைமுறை படுக்கலாம் என்றார்கள். கட்டடக் கலைஞரின் மேசையில் பிறந்திருக்க முடியாத யோசனை அது.

வாசலில் வந்து நிற்பதற்கு இவ்வளவு வலிமை உண்டு என்பதை உலகத்தின் இன்னொரு மூலையில், முற்றிலும் வேறான நோக்கத்துக்காக, ஒருவர் ஏற்கெனவே தொட்டிருந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் அயோவாவில் கர்ட் லெவின் என்ற உளவியலாளர், மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளைச் சமைக்கக் குடும்பத் தலைவிகளை இணங்க வைப்பது எப்படி என்று சோதித்தார். சில குழுக்களுக்குச் சொற்பொழிவு. சில குழுக்களைத் தங்களுக்குள் விவாதித்துக் கையுயர்த்தி முடிவெடுக்க விட்டார்கள். பின்பு விசாரித்ததில் சொற்பொழிவு கேட்டவர்களில் 3 விழுக்காட்டினரும், சேர்ந்து முடிவெடுத்தவர்களில் 32 விழுக்காட்டினரும் சமைத்திருந்தார்கள். நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு, அமைப்பு மாற்றம் என்று பின்னால் வளர்ந்த ஒரு பெரும் துறைக்கு அந்த எண்கள் வேர்களில் ஒன்றாயின. குழு விவாதத்தின் மகிமைக்குச் சான்றாகவே அவற்றை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்த முதல் சோதனையில் ஒரு வேறுபாடு இருந்தது. விவாதித்த குழுக்களிடம், பிறகு வந்து கேட்போம் என்று சொல்லியிருந்தார்கள். சொற்பொழிவு கேட்டவர்களிடம் சொல்லவில்லை. லெவினே அதை உணர்ந்து அடுத்த சோதனைகளில் இரு பக்கத்துக்கும் சொல்ல வைத்தார். அப்போதும் குழு முடிவே முன்னால் நின்றது. ஆகவே விவாதத்தின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆயினும் விவாதமும் விசாரிப்பும் எங்கே ஒட்டிக்கொண்டிருந்தனவோ அங்கேதான் அந்த 32 கிடைத்தது என்பதை, கூட்டம் போட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

காட்கோபர் தண்டவாளத்துக்குத் திரும்பலாம். 1988இல் மாநில அரசும் ரயில்வேயும் கூட்டமைப்பும் சேர்ந்து ரயில் பாதையோரக் குடிசைகளைக் கணக்கெடுத்தன. ஏறத்தாழ 18,000 குடும்பங்கள் என்று தெரிந்தது. ரயில் பாதைக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு அந்தக் கணக்கெடுப்பின் தொடர்ச்சியாக உருவானது. மறு ஆண்டு, மான்குர்த்திலிருந்து நவி மும்பைக்குப் போடும் பாதைக்காக 180 சொச்சம் குடும்பங்கள் இடம் மாறித் தாங்களே வீடு கட்டிக்கொண்டன. அங்கே கற்ற பாடம்தான் பத்தாண்டுக்குப் பின் குர்லா–தாணே தடத்தில் பயன்பட்டது. முறை இதுதான். முதலில் ஒரு பொதுக்கூட்டம். மறுநாள் சாக்பீஸோடு ஆட்கள் வந்து ஒவ்வொரு கதவிலும் எண் போடுவார்கள். கோட்டு வரைபடத்தில் அதே எண்ணைக் குறிப்பார்கள். யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவார்கள். எழுதியதைப் பகுதியிலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். தப்பு இருந்தால் சொல்ல அவகாசம். பூட்டிக்கிடந்த வீடு, ஊருக்குப் போன குடும்பம், ஒரே குடிசையில் தனிச் சமையல் வைத்திருந்த அண்ணன் தம்பி என்று சிக்கல்கள் வரும். பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் அவை தீர்க்கப்படும், ஏனென்றால் பொய் சொன்னால் முதலில் தெரிவது பக்கத்து வீட்டுக்குத்தான். திருத்திய பட்டியல் மறுபடி ஒட்டப்படும். பின்பு ஐம்பது குடும்பம் அளவில் சேர்ந்து ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம். யார் யாரோடு என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். இடம் மாறும் நாள் வந்தபோது எந்த வீடு, எந்த எண், பக்கத்தில் யார் என்று தெரிந்தே மூட்டை கட்டினார்கள். தன் கையால் தன் குடிசையைப் பிரிக்க ஒருவருக்குத் துணிவு வருவது இந்தப் பட்டியலை ஐந்தாறு தடவை கண்ணால் பார்த்திருப்பதால்தான். ஒரு பெரிய உரை எத்தனை உருக்கமாக இருந்தாலும் அந்தத் துணிவைக் கொடுக்காது.

பட்டியல் மட்டும் போதாத நாளும் உண்டு. 2000 பிப்ரவரியில் துறைமுகப் பாதையோரம் ரயில்வே இடிப்பு இயந்திரங்களோடு வந்தது. கூட்டமைப்பு தெருவில் இறங்கிப் போராடியது, மாநில அரசு தலையிட்டது, இடிப்பு நின்றது. அதன் பிறகு இடமாற்றம் வேகம் பிடித்து, சில ஆண்டுக்குள் ரயில் பாதையோரத்திலிருந்து ஏறத்தாழ 60,000 பேர் வலுவந்தம் இல்லாமல் மாறினார்கள். அதே ஆண்டு ஜோக்கின் அற்புதத்துக்கு மகசேசே விருது கிடைத்தது. போராட்டம் வீண், பட்டியல் போதும் என்று நான் சொல்ல வருவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1976இலும் தெருவில் ஆள் இருந்தது, 2000இலும் இருந்தது. இரண்டாவது தடவை தெருவில் நின்றவர்களின் கையில் பெயர் பெயராகக் கணக்கு இருந்தது. இடிப்பை நிறுத்திய மறுநாள் அரசோடு பேச உட்கார அது வழி செய்தது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் சில வலுவானவை. ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் சேர்த்து மும்பையில் யார் வீடு வாங்க முடியும், ஏழையின் வாயைக் கட்டி நம்பிக்கை விற்பதல்லவா இது என்று கேட்பார்கள். சேமிப்பால் வீடு வாங்கியதாகக் கூட்டமைப்பு சொல்லவில்லை. பணம் திரட்டும்போது ஆளையும் திரட்டுகிறோம் என்பதுதான் அவர்கள் கணக்கு. 1995இல் மாநிலம் கொண்டுவந்த குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் 225 சதுர அடி வீடு இலவசமாகவே கிடைத்தது. சண்டை விலையைப் பற்றியதாக இல்லை, பட்டியலில் பெயர் இருப்பதைப் பற்றியதாக இருந்தது. தாமதம் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. பைகுல்லா நடைபாதைப் பெண்களில் பலர் மான்குர்த்தில் வீடு காண ஏறக்குறைய இருபது ஆண்டு காத்திருந்தார்கள். அது உண்மை, வலிக்கும் உண்மை. இடையில் செத்துப்போனவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தாமதம் தினசரி வாசல் நடையால் வந்ததில்லை, நிலம் கொடுக்காத அரசால் வந்தது. வாசல் நடை இல்லாதிருந்தால் இருபது ஆண்டுக்குப் பின் வீடு கொடுக்க ஆளைத் தேடிக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

மூன்றாவது ஆட்சேபம்தான் என் வாதத்தை உண்மையில் நெருக்குகிறது. வாசலில் வந்து நிற்பவர் தப்புச் செய்தால் யாரிடம் போவது? உலக வங்கி 2002இல் பணம் ஒதுக்கிய மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தில் ஏறத்தாழ 20,000 குடும்பங்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது. ரயில் பகுதியில் வேலை செய்த முறையைச் சாலைப் பகுதிக்கும் கொண்டுபோனார்கள். சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலை குர்லா வழியாக வந்து, காட்கோபருக்கு அருகே அமர் மஹலில் முடிகிறது. அந்த வழியில் இருந்த கடைக்காரர்கள் குடிசைவாசிகள்போல வாழவில்லை. வாடிக்கையாளரும் வருமானமும் இடத்தோடு ஒட்டியவை. 2004இல் அவர்கள் வங்கியின் ஆய்வுக்குழுவிடம் முறையிட்டார்கள். குழு 2005இல் கொடுத்த அறிக்கை கடுமையாக இருந்தது: ஆரம்பக் கணக்கு குறைபாடுடையது, கலந்தாலோசனை போதவில்லை, பிழைப்பை மீட்க வழி இல்லை, குறை சொல்ல நடுநிலையான இடமும் இல்லை. 2006 மார்ச்சில் வங்கி அந்தப் பகுதிகளுக்கான பணத்தைச் சில மாதம் நிறுத்தி வைத்தது. கணக்கெடுத்த அமைப்பே, மக்களை ஒருங்கிணைத்த அமைப்பே, குறையையும் கேட்க உட்கார்ந்தால் குறை எங்கே போகும் என்பது அங்கே எழுந்த கேள்வி. நியாயமான கேள்வி. தொடர்ந்து வந்து கேட்பது ஒரு அமைப்பின் கையில் மட்டும் குவிந்தால் அது கண்காணிப்பாக மாறிவிடலாம்.

இதை நம் பழைய கல்வெட்டுக்காரர்களும் யோசித்திருக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் குடத்தையும் ஓலையையும்தான் பிடித்துக்கொள்கிறோம். நிலமும் கல்வியும் உள்ள பிராமணர்களின் சபை அது. அதைச் சாமானியர் ஆட்சி என்று கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அதில் ஒரு விதி என்னைக் கவர்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்கு வரக் கூடாது. தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதும், கணக்குக் கேட்பவர் கணக்குக் கொடுப்பவரின் சொந்தக்காரராக இருக்கக் கூடாது என்பதும் அந்த விதியின் உள்ளே இருக்கின்றன. நடைபாதைப் பெண்களின் நிறக் காகிதப் பையில் அந்தக் காப்பு இயல்பாகவே இருந்தது. பை அவரவர் வீட்டில் இருந்ததால் வசூலித்தவரை எவரும் எப்போதும் கேட்கலாம். ஆயிரம் கோப்புகளும் கணினிப் பட்டியலுமாக வேலை பெருத்தபோது பை வீட்டை விட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டது. சாலைப் பகுதியில் முறை சறுக்கியது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். வாசலுக்குப் போகும் வழக்கம் பழுதில்லை. வாசலில் இருப்பவர் கையில் நகல் இல்லாமல் போனதுதான் பழுது.

புது வீட்டுக்குப் போன பிறகும் இதே கதை தொடர்ந்தது. மான்குர்த்தின் லல்லுபாய் காம்பவுண்டு, கோவண்டியின் நட்வர் பாரேக் காம்பவுண்டு போன்ற குடியிருப்புகளில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே வெயில் இறங்க இடம் இல்லை. கீழ்த்தள வீடுகளில் பகலிலும் விளக்கு எரிகிறது. காசநோய் அங்கே அதிகம் என்று 2018இல் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு காட்டியது. லிப்ட் நின்றால் யார் ரிப்பேர் பார்ப்பது, தண்ணீர் மோட்டாருக்கு யார் பணம் கட்டுவது? இடமாற்றத்துக்காகப் பிறந்த ஐம்பது குடும்பச் சங்கங்களில் தினசரி வாசல் நடை தொடர்ந்த இடத்தில் பராமரிப்புப் பணம் வசூலாகிறது. சாவி கொடுத்த விழாவோடு நடை நின்றுபோன இடத்தில் படிக்கட்டில் குப்பை நிற்கிறது. கூட்டமைப்புக்காரர்களே ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் பெண்களை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்கள். தென்னாப்பிரிக்கா வரைக்கும் அந்தப் போக்குவரத்து நீண்டு, 1996இல் உலகக் குடிசைவாசிகள் வலையமைப்பாக ஆனது. வாசலுக்குப் போகும் பழக்கம்தான் அங்கேயும் ஏற்றுமதியானது. ஜோக்கின் அற்புதம் 2018 அக்டோபரில் காலமானார்.

இப்போது மும்பையில் மறுபடி பெரிய அளவில் எண் போடும் காலம். காட்கோபர் கிழக்கில் நெடுஞ்சாலையை ஒட்டி ரமாபாய் அம்பேத்கர் நகரும், நம்மவர்கள் காமராஜர் பெயரில் வளர்த்த காமராஜ் நகரும் சேர்ந்து பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களோடு மறுகட்டுமானத்துக்குள் போயிருக்கின்றன. பொதுவாகக் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் பெரும்பான்மையினரின் ஒப்புதல் வேண்டும். 70 விழுக்காடாக இருந்த அந்த வரம்பு பின்பு 51 ஆகக் குறைந்தது. ஒப்புதல் என்றால் நடைமுறையில் ஒரு கூட்டம், ஒரு கையெழுத்து. கையெழுத்துப் போட்டவர் கையில் அந்தத் தாளின் நகல் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கும் கடமை யாருக்கும் இல்லை. தாராவியின் மறுகட்டுமானத்தில் அந்தக் கையெழுத்தும் தேவைப்படவில்லை. 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் தொடங்கிய கணக்கெடுப்பில் ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் எண் எழுதினார்கள், கருவிகளால் அளந்தார்கள். கருவி துல்லியமானது; சாக்பீஸ் காலத்தைவிட வேகமானது. ஆனால் 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி, அதற்குப் பின் வந்தவருக்கு வேறு விதி, வேறு இடம், மேல்தளத்தில் இருப்பவருக்கு இன்னொரு விதி. தாராவியின் தமிழ்த் தெருக்களில் கீழே பட்டறையோ கடையோ, மேலே வாடகைக்குக் குடும்பம் என்பதுதான் சாதாரணக் காட்சி. வீட்டுக்கு வெளியே சாத்தி வைத்த இரும்பு ஏணியில் ஏறித்தான் அந்த மேல் அறைக்குப் போக முடியும். அங்கே குடியிருக்கும் பெண்ணின் பெயர் எந்தப் பத்தியில் ஏறியிருக்கிறது, அதற்கு என்ன பொருள், ஆட்சேபம் சொல்லக் கடைசித் தேதி எது என்று அவளுக்குப் படித்துச் சொல்லிவிட்டு, நாளைக்கும் வருகிறேன் என்று இறங்கி வர ஒருவர் அந்த ஏணியில் ஏறியாக வேண்டும்.